பள்ளி மாணவிகளிடம் பிசிஓஎஸ் பற்றிப் பேசும்போது எதைச் சொல்வது, எதை விடுவது?

கேள்வி கேட்டிருப்பவர் கடலூரில் ஓர் அரசு மகளிர் பள்ளியின் உயிரியல் ஆசிரியை. ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ள மாணவிகளுக்குப் பிசிஓஎஸ் (மாதவிடாயை ஒழுங்காக வரவிடாத, ‘சினைப்பை நீர்க்கட்டி’ என்று பரவலாகச் சொல்லப்படும் ஹார்மோன் கோளாறு) பற்றி ஒரு மணி நேரம் பேசும்படி தலைமையாசிரியை சொல்லியிருக்கிறார். புதுச்சேரியிலிருந்து ஆய்வுக்காக வந்துபோன நர்சிங் மாணவிகள் விட்டுச்சென்ற வினாத்தாளும் படம்போட்ட கையேடும் கைவசம் இருக்கின்றன. “அவற்றை வைத்தே நடத்திவிடலாமா? பிள்ளைகள் பயந்துவிடாமல் எப்படிச் சொல்வது?” என்று கேட்கிறார். சமுதாயநலச் செவிலியர் பாடத்தைப் பல ஆண்டுகள் நடத்தியவள் என்பதால், எனக்குத் தெரிந்ததைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

டீச்சர், முதலில் அந்த வினாத்தாளை ஓரமாக எடுத்துவைத்துவிடுங்கள். நர்சிங் மேற்படிப்பில் இது ஒரு வழக்கமான ஆய்வு. முதல் நாள் வினாத்தாள், அடுத்து சார்ட் மாட்டி முக்கால் மணி நேரப் பாடம், ஏழாம் நாள் அதே வினாத்தாள். மதிப்பெண் கூடியிருக்கும். ஒரே வாரத்தில் அதே கேள்வியை இரண்டாம் முறை கேட்டால் கூடாமல் என்ன செய்யும்? ஆய்வேட்டுக்கு அது போதும், வழிகாட்டி கையெழுத்துப் போட்டுவிடுவார். ஆனால் “ஆண்ட்ரோஜன்” என்ற கட்டத்தில் சரியாக டிக் அடித்த பிள்ளையைத் தனியே கூப்பிட்டு, “உனக்குப் போன முறை எப்போது வந்தது?” என்று கேட்டுப் பாருங்கள். கூரையைப் பார்ப்பாள். நோயின் பெயர், காரணம், சிக்கல்கள் எல்லாம் தெரியும். தன் கணக்கு தெரியாது.

உங்களுக்குக் கிடைத்திருப்பது ஒரு மணி நேரம். அதில் பாதிக்கு மேல், ஒரு மாதவிடாய்க்கும் அடுத்ததற்கும் இடையிலான நாள்களை எண்ணக் கற்றுக்கொடுப்பதற்கே செலவழியுங்கள் என்பதுதான் என் யோசனை. எந்த எண்ணிக்கை வரை கவலையில்லை, எந்த எண்ணிக்கையைத் தாண்டினால் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்பது மனத்தில் பதிந்துவிட்டால், மீதியை டாக்டர் பார்த்துக்கொள்வார்.

எண்ணுவதில்தான் முதல் குழப்பமே. இரத்தப்போக்கு நின்ற நாளிலிருந்து எண்ணுகிறவர்கள் உண்டு; தலைக்குக் குளித்த நாளிலிருந்து எண்ணுகிறவர்களும் உண்டு. தொடங்கிய முதல் நாளை ஒன்று என்று வைத்து, அடுத்த முறை தொடங்குவதற்கு முந்தைய நாள் வரை எண்ண வேண்டும். கரும்பலகையில் இரண்டு மாதக் காலண்டரைக் கட்டம்போட்டு வரைந்து, ஒரு மாணவியைக் கூப்பிட்டு எண்ணச் சொல்லுங்கள். எல்லாரும் பார்க்கட்டும்.

அடுத்தது, வயதுக்கு வந்து எவ்வளவு காலம் ஆகிறது என்பது. கணக்கு அதைப் பொறுத்துத்தான் மாறும். முதல் ஓராண்டில் எப்படி வந்தாலும் இயல்பு என்றே எடுத்துக்கொள்ளலாம். மூளைக்கும் சினைப்பைக்கும் இடையிலான ஹார்மோன் பேச்சுவார்த்தை அப்போதுதான் தொடங்கியிருக்கிறது. ஓராண்டு முடிந்து மூன்றாண்டு ஆகும்வரை 21 நாளுக்கும் 45 நாளுக்கும் இடையில் வந்தால் சரி. மூன்றாண்டுக்குப் பிறகு 21 முதல் 35 நாள். அப்போது வருடத்துக்கு எட்டு முறைக்கும் குறைவாக வந்தாலும் கவனிக்க வேண்டும். முதல் ஆண்டு கழிந்த யாருக்கும், ஒரே ஒரு முறையானாலும், 90 நாளைத் தாண்டினால் டாக்டரைப் பார்க்க வேண்டும். 15 வயது முடிந்தும் வயதுக்கே வராத பிள்ளையையும் காட்ட வேண்டும். இரத்தப்போக்கு ஏழு நாளைத் தாண்டினாலோ, மணிக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ, அது பிசிஓஎஸ் ஆக இருந்தாலும் இல்லாவிட்டாலும் காத்திருக்கக் கூடாது.

இதை இரண்டு பிள்ளைகளை வைத்து விளக்குங்கள். பன்னிரண்டரை வயதில் பூப்பெய்தி இப்போது பதினாலு வயதில் ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறவளுக்கு 42 நாளுக்கு ஒரு முறை வருகிறது. அவள் நிம்மதியாகத் தூங்கலாம். அதே 42 நாள், அதே வயதில் பூப்பெய்திய பன்னிரண்டாம் வகுப்பு அக்காவுக்குத் தொடர்ந்து வருகிறதென்றால் அவள் ஒரு முறை போய்ப் பார்க்க வேண்டும். இந்த ஓர் உதாரணம் புரிந்துவிட்டால் தேவையற்ற பயம் பாதி குறைந்துவிடும். ஏனென்றால் பயப்படுகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் ஒன்பதாம் வகுப்புக்காரிகள். பயப்பட வேண்டியவர்களோ பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போடுகிறவர்கள்.

வயதுக்கு வந்த மாதம் நினைவிருக்குமா என்று கேட்பீர்கள். நம் பக்கத்தில் அதற்கு ஒரு வசதி உண்டு. மண்டபம் பிடித்து, பத்திரிகை அடித்து, ஆல்பமும் போட்டிருப்பார்கள். ஆனால் பத்திரிகைத் தேதியை நம்பிவிடாதீர்கள். சிங்கப்பூரிலிருந்து தாய்மாமன் வரும்வரை, சீட்டுப்பணம் கைக்கு வரும்வரை என்று மஞ்சள் நீராட்டை ஒரு வருடம்கூடத் தள்ளிவைக்கிறார்கள். “எந்த வகுப்பில் இருந்தாய், என்ன பரீட்சை சமயம்?” என்று கேட்டால் உண்மையான மாதம் வெளியே வரும். கடைசியாக வந்த தேதிக்கும் அதே வழிதான். “பொங்கலுக்கு முன்னாலா, பின்னாலா? மாசி மகத்தன்று தேவனாம்பட்டினத்துக்குப் போனாயா, வீட்டிலேயே இருந்துவிட்டாயா?” தேதி மறந்தவர்களுக்கும் திருவிழா மறக்காது.

ஆனால் இந்தத் துப்பறியும் வேலை முதல் முறைக்கு மட்டும்தான். அதன்பிறகு எழுதிவைக்க வேண்டும். எங்கே எழுதுவது என்பது நமக்குச் சின்ன விஷயம், அவர்களுக்குப் பெரிய விஷயம். மளிகைக்கடைக்காரர் கொடுத்த காலண்டரில் வட்டம் போட்டால் அப்பா பார்ப்பார், அண்ணன் பார்ப்பான். கைப்பேசிச் செயலி என்றால் கைப்பேசி அம்மாவுடையது. சில வீடுகளில் தம்பியின் கையைவிட்டு அது இறங்குவதே இல்லை. ஏதாவது ஒரு நோட்டின் கடைசிப் பக்கம் போதும். குறுக்கே 31 கட்டம், நெடுக்கே 12 வரிசை. வந்த நாள்களில் ஒரு புள்ளி. அதிகம் போன நாளில் இரண்டு புள்ளி. வகுப்பிலேயே எல்லாரையும் அளவுகோல் வைத்து அந்தக் கட்டத்தைப் போடச் சொல்லுங்கள். வீட்டில் போய்ப் போடுகிறேன் என்றால் போடமாட்டார்கள்.

அந்தப் பக்கத்தில் இன்னொன்றையும் குறிக்கச் சொல்ல வேண்டும்: மாத்திரை. வீட்டில் கல்யாணம், கிரகப்பிரவேசம், கோயில் திருவிழா என்றால் “நாள் தள்ளிப்போக” என்று மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கி அம்மாவே மகளுக்குக் கொடுக்கிறார். அதுவும் ஹார்மோன் மாத்திரைதான். நிறுத்திய சில நாளில் வந்துவிடும். ஆனால் அந்த மாதக் கணக்கு கலைந்துபோகும். நாள் ஒழுங்காக வரவில்லை என்று டாக்டரிடம் போகிற பிள்ளை, நடுவில் இரண்டு திருவிழாவுக்கு மாத்திரை போட்டதைச் சொல்வதே இல்லை. அதையெல்லாம் மருந்து என்று யாரும் நினைப்பதில்லை.

நோயைப் பற்றி எவ்வளவு சொல்வது? ஒன்பது, பத்தாம் வகுப்புக்குச் சுருக்கமாக: சில பெண்களுக்குச் சினைப்பையிலிருந்து மாதந்தோறும் முட்டை வெளிவருவது தடைப்படுகிறது; ஆண்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கொஞ்சம் கூடுதலாகச் சுரக்கிறது; அதனால் நாள் தள்ளிப்போவதும், முகத்தில் முரட்டு முடியும், விடாத பருவும் வருகின்றன. பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இது உண்டு. உங்கள் வகுப்பிலும், ஆசிரியைகள் அறையிலும் இருக்கும். தொற்றுவதில்லை. யாரும் செய்த தப்பினால் வருவதில்லை.

பதினொன்று, பன்னிரண்டு உயிரியல் பிரிவுக்கு இன்னும் உள்ளே போகலாம், அவர்கள் கேட்பார்கள். இன்சுலினிலிருந்து தொடங்குங்கள். பிசிஓஎஸ் உள்ள பலருக்குத் தசையும் கல்லீரலும் இன்சுலின் சொல்வதைக் காதில் வாங்குவதில்லை. கூப்பிட்டும் திரும்பாத பிள்ளையை அம்மா மேலும் மேலும் உரக்கக் கூப்பிடுவதைப் போல, கணையம் இன்சுலினைக் கூட்டிக்கொண்டே போகிறது. பிள்ளை அசைவதில்லை, பக்கத்து வீட்டுக்காரர்தான் எழுந்து வருகிறார். அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் சினைப்பை. அதற்குக் காது நன்றாகவே கேட்கும். கூடுதல் இன்சுலினைக் கண்டு அது ஆண்ட்ரோஜனைக் கூடுதலாகச் சுரக்கிறது. கல்லீரல் தயாரிக்கும், பாலின ஹார்மோன்களைக் கட்டிவைக்கிற புரதமும் அதே இன்சுலினால் குறைவதால், கட்டில்லாத ஆண்ட்ரோஜன் இரத்தத்தில் பெருகுகிறது. வளரத் தொடங்கிய முட்டைப்பைகள் (சினைப்பைக்குள் முட்டை வளரும் நுண்பைகள்) பாதியில் நின்றுவிடுகின்றன. ஸ்கேனில் ஓரமாகச் சின்னச் சின்னதாகத் தெரிவது அவைதான். ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. ‘நீர்க்கட்டி’ என்று கேட்டதும் அறுவை சிகிச்சையும் புற்றுநோயும் நினைவுக்கு வந்து அழுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். வெடிக்கிற கட்டியும் இல்லை, வெட்டியெடுக்கிற கட்டியும் இல்லை என்பதை மட்டும் எல்லா வகுப்பிலும் அழுத்திச் சொல்லுங்கள். 1935இல் சிகாகோவில் ஸ்டீன், லெவந்தால் என்ற இரு மருத்துவர்கள் ஏழு பெண்களைப் பற்றி எழுதியபோது வீங்கிய சினைப்பைதான் அவர்கள் கண்ணில் பட்டது. பெயரும் அதன் தலையில் விழுந்தது. கோளாறு உடம்பு முழுவதற்குமானது.

இனி ஸ்கேனுக்கு வருகிறேன். உங்கள் வகுப்பால் ஏதாவது தீங்கு வருமானால் அது இந்த வழியாகத்தான் வரும். நீங்கள் பேசிய அன்று மாலையே நாலு அம்மாக்கள் நாலு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, டாக்டரைப் பார்க்காமலே, ஸ்கேன் சென்டர் வாசலில் நிற்பார்கள். அறிக்கையில் “இரு சினைப்பைகளிலும் பிசிஓ தோற்றம்” என்று வரும். பத்தாம் வகுப்புப் பிள்ளை அன்றிலிருந்து நோயாளி. ஆனால் அந்த வயதில் சினைப்பை அப்படித்தான் இருக்கும்! வளர்ந்துகொண்டிருக்கும் சினைப்பையில் நிறைய முட்டைப்பைகள் தெரிவது சகஜம். அதனால்தான் 2018இல் ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தின் தலைமையில் வெளிவந்த சர்வதேச வழிகாட்டுதல், பூப்பெய்தி எட்டாண்டுகள் ஆகும்வரை ஸ்கேனை வைத்துப் பிசிஓஎஸ் என்று முடிவுகட்டக் கூடாது என்றது. 2023இல் அதைப் புதுப்பித்தபோது, ஏ.எம்.எச். என்ற இரத்தப் பரிசோதனையையும் வளரிளம் பெண்களுக்கு இதற்காகப் பயன்படுத்த வேண்டாம் என்று சேர்த்தார்கள். பெரியவர்களுக்கு, நாள் ஒழுங்கின்மை, ஆண்ட்ரோஜன் மிகுதி, ஸ்கேன் தோற்றம் என்ற மூன்றில் இரண்டு இருந்தால் பிசிஓஎஸ். வளரிளம் பெண்களுக்கு முதல் இரண்டுமே இருந்தாக வேண்டும். அதோடு தைராய்டு, புரோலாக்டின், அட்ரினல் சுரப்பிக் கோளாறு போன்ற வேறு காரணங்கள் இல்லை என்று டாக்டர் உறுதிசெய்ய வேண்டும். ஒன்றுதான் இருக்கிறது என்றால் “வாய்ப்பு உண்டு” என்று குறித்துவைத்து, அந்தத் தொந்தரவுக்கு மட்டும் வைத்தியம் செய்து, சில வருடம் கழித்து மறுபடி பார்ப்பார்கள்.

அதற்காக ஸ்கேனே கூடாது என்று சொல்லிவிடாதீர்கள். கடுமையான வயிற்றுவலி, 15 வயதாகியும் வராமலிருப்பது போன்ற காரணத்துக்காக டாக்டர் எழுதிக்கொடுத்தால் எடுக்கத்தான் வேண்டும். பிள்ளைகள் வாய்விட்டுக் கேட்காத பயம் ஒன்று இருக்கிறது. நீங்களே எடுத்துச் சொல்லிவிடுங்கள். நாள் தள்ளிப்போகிறது என்று போகும் பள்ளிப் பிள்ளைக்கு உள்ளே கைவிட்டுப் பரிசோதனை செய்யத் தேவையில்லை. ஸ்கேன் எடுத்தாலும் தண்ணீர் குடிக்கவைத்து அடிவயிற்றின் மேல்தான் வைத்துப் பார்ப்பார்கள். பல அம்மாக்கள் மகளை டாக்டரிடம் கூட்டிப்போகத் தயங்குவது இந்த ஒரு காரணத்தால்தான். இன்னொன்று: டாக்டர் முதலில் சிறுநீர்ப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுக்கலாம். நாள் தள்ளிப்போன எந்தப் பெண்ணுக்கும் கர்ப்பம் இல்லை என்று பார்த்துக்கொள்வது முதல் படி. “என் பிள்ளையைச் சந்தேகப்பட்டுவிட்டார்” என்று எழுந்து வந்துவிடுகிற குடும்பங்கள் உண்டு. முன்பே தெரிந்திருந்தால் கோபம் வராது.

இப்போது உங்கள் பார்வைக்கு ஒன்று. நம் பள்ளிகளில் இரட்டைச் சடையை மடித்து ரிப்பன் கட்டச் சொல்கிறோம். பிடரி முழுக்கத் திறந்திருக்கும். சில பிள்ளைகளுக்கு அங்கே தோல் கறுத்து, கொஞ்சம் தடித்து, வெல்வெட் துணி மாதிரி இருக்கும். பின்பெஞ்சுக்காரிக்கு நாள் முழுவதும் எதிரே தெரிவது அதுதான். அந்தப் பிள்ளை காலையில் பவுடரைக் கொட்டிக்கொண்டு வருவாள். பத்து மணி வெயிலில் வேர்த்து, கறுப்பின் மேல் வெள்ளை வரி வரியாக வழியும். வீட்டில் எலுமிச்சைத் தோல், பீர்க்கங்காய் நார் எல்லாம் போட்டுத் தேய்த்துத் தோல் புண்ணாகியிருக்கும். “கழுத்தைத் தேய்த்துக் குளிக்கமாட்டாயா?” என்று கேட்ட ஆசிரியைகளும் இருக்கிறார்கள். அது சோப்பு போட்டால் போகிற கறுப்பு இல்லை. மேலே சொன்ன இன்சுலின் மிகுதியின் தோல் அடையாளம் அது. மருத்துவத்தில் அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ் என்பார்கள். அக்குளிலும் இருக்கும். பிசிஓஎஸ் இல்லாதவர்களுக்கும் வரலாம், ஆண் பிள்ளைகளுக்கும் வரலாம். வகுப்பில் யாரையும் சுட்டிக்காட்டாமல், “இப்படி இருந்தால் தேய்க்காதீர்கள், ஒரு முறை சர்க்கரைப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்” என்று பொதுவாகச் சொல்லிவிடுங்கள். அப்பா, அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தால் இன்னும் அவசியம்.

முக முடி விஷயத்திலும் அதே நாசூக்கு வேண்டும். மேலுதட்டில் மெல்லிய பூனைமுடி இருப்பது குடும்பவாகு. அம்மாவைப் பார்த்தாலே தெரிந்துவிடும். மோவாய், தாடையோரம், மார்பு, தொப்புளுக்குக் கீழே என்று கறுத்து முரடாக வளர்ந்தால் அது வேறு. த்ரெடிங் செய்தால் இன்னும் அடர்ந்து வளரும் என்பது உண்மையில்லை, எடுத்துக்கொள்ளலாம். மருந்தால் குறைவதற்கு ஆறு மாதத்துக்கு மேல் ஆகும் என்பதையும் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டாம் மாதமே மருந்தை நிறுத்திவிட்டு, கண்ட களிம்பைப் பூச ஆரம்பிப்பார்கள். முடியை வைத்துப் பட்டப்பெயர் வைக்கிற வழக்கம் உங்கள் வகுப்பில் இருந்தால், பாடத்தைவிட அதை நிறுத்துவதுதான் பெரிய உதவி. பிசிஓஎஸ் உள்ள பெண்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலாக இருக்கின்றன என்பது நன்றாக நிறுவப்பட்ட விஷயம்.

எடையைப் பற்றி எப்படிப் பேசுவது என்று பலரும் தடுமாறுகிறார்கள். கையேட்டில் குண்டான பெண் படம்தான் போட்டிருக்கும். அதைக் காட்டாதீர்கள். ஒல்லியான பெண்களுக்கும் பிசிஓஎஸ் உண்டு. அந்தப் படத்தைப் பார்த்தால் அவர்கள் தமக்கில்லை என்று இருந்துவிடுவார்கள். பருமனான பிள்ளையோ அன்று மதியமே சாப்பாட்டை நிறுத்திவிடுவாள். வரிசையில் நிறுத்தி எடைபார்த்து உரக்கப் படிக்கிற வேலையும் வேண்டாம். எடை கூடுதலாக இருப்பவர்களுக்கு அதில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தாலே பலருக்கு நாள் சீராகிறது. அதை டாக்டர் தனியே சொல்லிக்கொள்வார்.

பொதுவில் சொல்ல வேண்டியது சாப்பாட்டு நேரமும் விளையாட்டும்தான். குறிஞ்சிப்பாடிப் பக்கத்திலிருந்தோ பாகூரிலிருந்தோ ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்கிற பிள்ளை காலையில் சாப்பிடுவதில்லை. இடைவேளையில் கிரீம் பன், சாயந்திரம் பஸ் நிலையத்தில் பஜ்ஜி. அவளிடம் “ஜங்க் ஃபுட் கூடாது” என்று சொல்லி என்ன பயன்? இரண்டு இட்லியோ ஒரு முட்டையோ டப்பாவில் கொண்டுவந்து முதல் மணிக்கு முன்னால் சாப்பிட அனுமதித்தால் பயன் உண்டு. பிசிஓஎஸ்ஸுக்கென்று தனி உணவுமுறை எதுவும் மற்றவற்றைவிட மேலானது என்று நிரூபிக்கப்படவில்லை. வீட்டுச் சோறு, குழம்பு, மீன், கீரை, சுண்டல் எல்லாமே போதும். சோற்றைக் கொஞ்சம் குறைத்துக் காயைக் கூட்டினால் சரி. உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் நல்ல சாப்பாடு, தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் அதைச் சாப்பிட்டால் நாள் ஒழுங்காகும் என்று உறுதிகொடுக்காதீர்கள். கழற்சிக்காய்ப் பொடியைப் பற்றி நிச்சயம் கேட்பார்கள். சித்த மருத்துவம்தான் வேண்டும் என்கிற குடும்பம் அரசு மருத்துவமனையின் சித்தா பிரிவுக்குப் போகட்டும். யூடியூப் பார்த்து அளவு தெரியாமல் அரைத்துக் குடிக்க வேண்டாம்.

வளரிளம் பருவத்தினருக்குத் தினமும் ஒரு மணி நேர உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உங்கள் பள்ளி அட்டவணையில் அதற்கு இடம் இருக்கிறது. பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் வந்தால் அதைக் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொள்கிறார். பிசிஓஎஸ் பற்றி ஒரு மணி நேரம் பேசச் சொன்ன தலைமையாசிரியையிடம் அந்த விளையாட்டு வகுப்பைத் திருப்பிக் கேளுங்கள். கிடைத்தால் நீங்களும் நானும் பேசுவதைவிட அது அதிகம் செய்யும்.

மருந்துகளைப் பற்றி வகுப்பில் நிறையச் சொல்ல வேண்டாம். ஆனால் இரண்டு மாத்திரைகள் வீடுகளில் கலவரத்தைக் கிளப்புவதால் அவற்றை மட்டும் சொல்லிவையுங்கள். ஒன்று, ஹார்மோன் மாத்திரை. அட்டையைப் பார்த்து “கருத்தடை மாத்திரை” என்று யாராவது சொன்னதும் அம்மா பதறி, தூக்கிப் போட்டுவிடுவார். பள்ளிப் பிள்ளைக்குக் கொடுப்பது நாளை ஒழுங்குபடுத்தவும் ஆண்ட்ரோஜனைக் குறைக்கவும்தான். பின்னாளில் பிள்ளை பிறப்பதை அது தடுக்காது. இன்னொன்று மெட்ஃபார்மின். “சர்க்கரை மாத்திரை எதற்கு உன் மகளுக்கு?” என்று பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டால் போதும், மறுநாளிலிருந்து நின்றுவிடும். இன்சுலின் பேச்சை உடம்பு கேட்பதற்காகக் கொடுப்பது அது. இரண்டுமே போடுகிறவரைதான் வேலை செய்யும். நிறுத்தினால் பழையபடி திரும்பலாம். மாத்திரை போட்டதும் நாள் சரியாக வந்துவிட்டது, குணமாகிவிட்டது என்று தாமாக நிறுத்துவதுதான் வழக்கமாக நடப்பது.

கல்யாணம், குழந்தை பற்றி நீங்களாகப் பேச்செடுக்காதீர்கள். பதினைந்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லும் முதல் காரணமே “பின்னால் குழந்தை பிறக்காது” என்றால், அவள் வீட்டில் அதைத் திருப்பிச் சொல்ல, பாட்டி மாப்பிள்ளை பார்க்கத் தொடங்குவார். கேட்டால் பதில் சொல்லுங்கள்: பெரும்பாலோருக்குக் குழந்தை பிறக்கும், சிலருக்கு முட்டை வெளிவர லெட்ரோசோல் போன்ற மாத்திரையின் துணை வேண்டியிருக்கும். “கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும்” என்ற பேச்சு உங்கள் காதில் விழுந்தால் மட்டும் நாசூக்கு பார்க்காமல் மறுத்துவிடுங்கள். தாலி கட்டினால் இன்சுலின் குறையாது. சில நல்ல டாக்டர்களே அம்மாவைச் சமாதானப்படுத்த இப்படிச் சொல்லி அனுப்புவதைக் கேட்டிருக்கிறேன். படிப்பு நின்றுபோகிற பிள்ளைக்கு அந்தச் சமாதானத்தால் என்ன லாபம்?

எங்கே அனுப்புவது? முதலில் ஆரம்ப சுகாதார நிலையமே போதும். 2014இல் தொடங்கிய தேசிய வளரிளம் பருவத்தினர் நலத் திட்டத்தின்கீழ் அவர்களுக்கென்றே ஆலோசனை மையங்கள் உண்டு. பகுதிக் கிராம சுகாதாரச் செவிலியரைக் கேட்டால் எந்த நாளில் எங்கே என்று சொல்வார். அதற்கு மேல், கடலூர் அரசு தலைமை மருத்துவமனை. புதுச்சேரி பக்கம் என்றால் எல்லைப்பிள்ளைச்சாவடியில் ராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனை, கோரிமேட்டில் ஜிப்மர். எங்கே போனாலும் அந்தக் கடைசிப் பக்கக் கட்டத்தைக் கொண்டுபோக வேண்டும். ஆறு மாதப் புள்ளிகளைப் பார்த்தால் டாக்டருக்குப் பத்துக் கேள்வி மிச்சம். தமிழ்நாட்டில் 104க்குத் தொலைபேசியில் அழைத்தும் கேட்கலாம்.

வகுப்பை நடத்தும் விதத்தில் சில சொல்கிறேன். ஒன்பது, பத்து ஒரு நாள். பதினொன்று, பன்னிரண்டு வேறு நாள். சேர்த்து உட்காரவைத்தால் சின்னவர்கள் கேட்கமாட்டார்கள், பெரியவர்கள் சிரிப்பார்கள். ஆண் ஆசிரியர்கள் அந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். “யாருக்கெல்லாம் ஒழுங்காக வரவில்லை, கை தூக்குங்கள்” என்று ஒருபோதும் கேட்காதீர்கள்; பெயர்ப் பட்டியல் எடுக்கச் சொன்னாலும் எடுக்காதீர்கள். அது ஊரைச் சுற்றிவரும். ஒரு சனிக்கிழமை அம்மாக்களைக் கூப்பிட்டு அரை மணி நேரம் அதே நாள் கணக்கைச் சொல்லுங்கள். காசும் பஸ்ஸும் முடிவும் அவர்கள் கையில். அவர்களில் சிலர் உங்களைத் தனியே நிறுத்தித் தங்களுடைய கணக்கையும் கேட்பார்கள்.

கேள்விகளை வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள் என்பதால், பெயர் எழுதாத சீட்டுக்கு ஒரு சாக்பீஸ் டப்பா வையுங்கள். எல்லாரையும் ஏதாவது எழுதிப் போடச் சொல்லுங்கள். கேள்வி இல்லாதவள் “ஒன்றுமில்லை” என்று எழுதட்டும். அப்போதுதான் யார் எழுதியது என்று தெரியாது. நிறைய வருகிற சீட்டு எது என்று நினைக்கிறீர்கள்? “மிஸ், மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் எனக்கு வருகிறது. ஜாலியாகத்தானே இருக்கிறது, எதற்கு டாக்டர்?” நியாயமான கேள்வி. கழிப்பறையில் தண்ணீர் வராத பள்ளியில் படிக்கிறவளுக்கு மாதாமாதம் வராமலிருப்பது வசதிதான். அதனால் அதட்டாதீர்கள், காரணத்தைச் சொல்லுங்கள். முட்டை வெளிவராத மாதங்களில் புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் சுரப்பதில்லை. ஈஸ்ட்ரோஜன் என்ற இன்னொரு ஹார்மோன் மட்டும் கருப்பையின் உள்சவ்வை வளர்த்துக்கொண்டே இருக்கும், உதிர்க்க ஆளில்லை. திடீரென்று ஒரு நாள் உதிரும்போது பத்து நாள், பதினைந்து நாள் என்று கொட்டித் தீர்த்து இரத்தசோகையில் கொண்டுபோய் விடும். இது வருடக்கணக்கில் தொடர்ந்தால், நடுவயதில் அந்தச் சவ்வில் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுகிறது. அதனால்தான் 90 நாள் என்ற கோடு. அதைத் தாண்டினால் டாக்டர் சில நாள்களுக்கு மாத்திரை கொடுத்து உதிரவைப்பார். மாதாமாதம் வந்தே ஆக வேண்டும் என்று யாரும் அவளைக் கட்டாயப்படுத்தப் போவதில்லை என்பதையும், மூன்று மாதத்தைத் தாண்டவிடக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.